கதைக்கு மீன்

வள்ளியூர் செல்வின் ஸ்டூடியோவுக்கு இப்போதெல்லாம் வருகிற கல்யாணப் பெண்கள், முந்தானையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மாப்பிள்ளை அந்த நிழலில் குத்தவைத்து உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். கூழைக்கடா போஸ் என்று பெயர். பட்டு வேட்டியோடு குத்தவைப்பதில் உள்ள கஷ்டம் குத்தவைக்கிறவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் கேட்டு வாங்கி எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் மூலப்படம் அப்படி.

மூலப்படத்தைப் பார்க்காதவர்கள் இன்றைக்கு ரொம்பக் கம்மி. உச்சி வெயில். கருவேல மரத்துக் கூட்டில் ஒரு கூழைக்கடா இரண்டு இறக்கையையும் விரித்து வெயிலை மறித்துக்கொண்டு நிற்கிறது. நிழலுக்குள் மொட்டைத் தலைக் குஞ்சு ஒன்று அலகைத் தூக்கி அதன் முகத்தைப் பார்க்கிறது. ‘தாய்க்குடை’ என்று பெயர் வைத்தது செல்வின்தான். வைத்த பிறகுதான், அது தாயா தகப்பனா என்று பார்வைக்குச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று பறவை ஆராய்ச்சி செய்கிற டாக்டர் மெஹருன்னிசா சொன்னாள். தகப்பன்குடை என்று வைத்தால் எவன் அழுவான்? பெயர் அப்படியே நின்றுவிட்டது.

இருபது வருஷம் கல்யாண வீடுகளில் “ஏ போட்டோக்காரரே, கொஞ்சம் தள்ளி நில்லும்” என்று விரட்டப்பட்டவன் செல்வின். எல்லாப் பந்தியும் முடிந்து அண்டா கழுவுகிற நேரத்தில்தான் அவனுக்கு இலை விழும். அப்படிப்பட்டவனை நெடுவாழிக்குளம் பறவைத் திட்டத்தின் ‘கதை ஆசிரியர்’ என்று போட்டு, பெயர்ப்பலகையும் மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் அவன் நடை கொஞ்சம் மெதுவாகும். அதைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது.

அவனைக் கண்டுபிடித்தவன் நிரஞ்சன். சென்னைக் கம்பெனி ஒன்றின் திட்ட மேலாளர். தூங்கி எழுந்த முகத்தோடு எப்போதும் அவசரமாக இருப்பான். அவன் கம்பெனி ஒரு கேமரா செய்திருந்தது. பறவை முன்னால் வந்தால் அது தானே படம் எடுக்கும். எடுத்த படத்தில் கதை இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று தானே நூற்றுக்கு மார்க்கும் போடும். கதைக்கண் என்று பெயர் சூட்டியாகிவிட்டது. ஒரே ஒரு குறை, கதை என்றால் என்னவென்று அதற்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“பெரிய பெரிய பேர்ட் போட்டோகிராபர்களை ஓட்டல்ல ரூம் போட்டு உட்கார வெச்சேன் சார்,” என்றான் நிரஞ்சன், செல்வின் ஸ்டூடியோவின் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு. “ஒரே சண்டை. கண்ணு ஷார்ப்பா இருக்கா, இறகுல டீடெய்ல் இருக்கா, பின்னாடி பச்சை சரியா மங்கியிருக்கா. எல்லாம் சரி, கதை எங்கேன்னு கேட்டா, அது பாக்கறவங்க மனசுல இருக்குன்றாங்க. அவங்க மனசுல இருக்கறதை நான் எப்படி சார் மெஷினுக்குள்ள ஏத்தறது?”

“அவங்க யாரும் ஆல்பம் போட்டுக் குடுத்ததில்ல தம்பி. அதான்,” என்றான் செல்வின். அலமாரியிலிருந்து ஒரு பழைய ஆல்பத்தை எடுத்து அவன் மடியில் வைத்தான். பிரதி எடுக்க யாரோ கொண்டுவந்து கொடுத்த ஆல்பம். “புரட்டுங்க. எந்தப் பக்கம் அழுக்கா இருக்குன்னு மட்டும் பாருங்க.”

நிரஞ்சன் புரட்டினான். மாப்பிள்ளை அழைப்பு பளபளவென்று இருந்தது. தாலி கட்டுகிற பக்கத்தில் ஓரத்தில் லேசாக விரல் தடம். கடைசிக்கு முந்தின பக்கத்தில், பெண்ணை வழியனுப்பும்போது பெற்றவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிற படத்தைச் சுற்றி, எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் காகிதமே பழுப்பேறியிருந்தது.

“சிரிப்பு வந்தா புரட்டிருவாங்க. கண்ணீர் வந்தா நிப்பாங்க. இவ்வளவுதான் தம்பி விஷயம்.”

“அம்மா அழலைன்னா?”

“அழுவாங்க. பக்கத்துல போயி மெதுவா ஒண்ணு கேப்பேன். ‘இனி அந்த ரூம்புல யாரும்மா படுப்பா?’ன்னு.”

நிரஞ்சன் ஆல்பத்தை மூடினான். அவன் அம்மா ஈரோட்டில் தனியாக இருந்தாள். அன்றைக்கு மத்தியானமே ஒப்பந்தம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு செல்வின் மலை மலையாகப் பறவைப் படங்களைப் பார்த்து மார்க் போட்டான். வாத்தியார் வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிற பறவைக்கு முட்டை. பறந்தால் கொஞ்சம். சண்டை போட்டால் அதற்கு மேல். ஊட்டினால், அணைத்தால் நல்ல மார்க். செத்த குஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிற தாய்க்கு உச்சம். ஏன் என்று நிரஞ்சன் கேட்ட இடங்களில் விளக்கமும் சொன்னான்.

“ஒரு படத்துல ரெண்டு உசுரு வேணும் தம்பி. ஒண்ணு எதையோ கேக்கணும். இன்னொண்ணு குடுக்கணும், இல்லன்னா குடுக்க முடியாம நிக்கணும். ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடணும். அந்த இடத்துலதான் பாக்கிறவன் வந்து உக்காருவான். நடுவுல இடமே இல்லன்னா அவன் எங்க உக்காருவான்?”

நிரஞ்சன் இதையெல்லாம் பதிவு செய்துகொண்டான். கதைக்கண் கற்றுக்கொண்டது.

நெடுவாழிக்குளத்தில் அப்போது மழை பொய்த்து மூன்றாவது வருஷம். தண்ணீர் இடுப்பளவுதான் கிடந்தது. மீன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கூழைக்கடாக்கள் மட்டும் பழக்கத்தை விடாமல் தை மாசம் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டன. குளக்கரையில் ஒரு அறை எடுத்துத் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மெஹருன்னிசா, குஞ்சுகள் சாவதைப் பார்க்க முடியாமல் எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டிருந்தாள். மேலப்பாளையத்துப் பெண். கோபம் வந்தால் யாரையும் மதிக்க மாட்டாள்.

நிரஞ்சனின் திட்டம் அவளுக்கு வரம் மாதிரி வந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் எதிரே ஒரு மிதவை. அதில் ஜிலேபி மீன் நிரப்பிய பெட்டி, பெட்டியின் வாயில் ஒரு தகரத் தட்டு. மிதவைக் கம்பத்தில், மரத்துக் கூடுகளைப் பார்த்தபடி கதைக்கண்கள். நல்ல கதையுள்ள படம் ஒன்று விழுந்தால் தட்டு சாயும், மீன் கொட்டும். மார்க் கூடக் கூட மீனும் கூடும். உலகம் முழுக்க ஜனங்கள் நேரலையில் பார்ப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு நடுநடுவே விளம்பரம். அந்த வருமானத்தில் ஆளில்லாத லாரி ஒன்று தினமும் மீன் கொண்டுவந்து இறக்கும்.

“கதைக்கு மட்டும் எதுக்கு மீனு? சும்மா போட்டா என்ன?” என்று மெஹருன்னிசா அன்றைக்கே கேட்டாள்.

“சும்மா மீன் திங்கிற பறவையை யார் மேடம் பாப்பாங்க? மனசு உருகுற நேரத்துல மீன் விழுந்தாத்தான், நாம உருகினதாலதான் விழுந்துச்சுன்னு அவங்களுக்கு ஒரு திருப்தி.”

அவளுக்கு இது உறுத்தியது. ஆனால் குஞ்சுகள் பட்டினி கிடந்தன. கையெழுத்துப் போட்டாள்.

முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மீன் விழுந்தது, குஞ்சுகள் பிழைத்தன, உலகம் உருகியது. ‘தாய்க்குடை’ அந்த மாதம் விழுந்ததுதான். அதற்குப் பிறகு படங்கள் இன்னும் இன்னும் நன்றாக வர ஆரம்பித்தன. செல்வின் திரை முன்னால் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டான். என்ன போஸ்! என்ன நிதானம்! இருபது வருஷத்தில் ஒரு மாப்பிள்ளைகூட முகத்தை இப்படி முக்கால் பக்கம் திருப்பி, வெளிச்சம் கன்னத்தில் விழுகிற மாதிரி நின்றதில்லை. இந்தக் கூழைக்கடா நின்றது. சொல்லிக்கொடுக்காமலே நின்றது.

“பிறவிக் கலைஞன்னா இதுதான் டாக்டரம்மா,” என்றான்.

மெஹருன்னிசா அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். நான்காம் மரத்துக் கூழைக்கடா இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது.

“அண்ணாச்சி, இது எப்பம் எடுத்தது?”

“இப்பந்தான். நேரலை.”

“வெளிய வந்து வானத்தைப் பாருங்க.”

போய்ப் பார்த்தான். பெய்யாத மேகம் ஒன்று வானத்தை மூடிக்கொண்டு கிடந்தது. வெயில் என்பதே இல்லை.

“யாருக்கு அண்ணாச்சி குடை பிடிக்கி?” என்றாள் அவள்.

செல்வின் திரும்பி வந்து திரையை உற்றுப் பார்த்தான். குஞ்சு இறக்கைக்குக் கீழே இல்லை, ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. பெரிய பறவை குஞ்சைப் பார்க்கவும் இல்லை. அது நேராக அவனைப் பார்த்தது. அதாவது, லென்ஸைப் பார்த்தது. தட்டு சாய்ந்தது. பறவை இறக்கையை மடக்கிக்கொண்டு கீழே போய் மீனை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, மறுபடியும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றது.

“நாம கேமராவுக்குத்தான் கதை சொல்லிக்குடுத்தோம்னு நெனச்சோம்,” என்றாள் மெஹருன்னிசா. “அது தட்டைச் சாய்ச்சுச் சாய்ச்சு பறவைக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. எதைச் செஞ்சா மீனு விழும்னு எல்லாம் படிச்சிருச்சு. ஊட்டுதைப் பாருங்க.”

அவள் வேறொரு கூட்டைப் பெரிதாக்கினாள். கூழைக்கடா அலகை அகலமாகத் திறந்தது. குஞ்சு தலையை முழுசாக உள்ளே விட்டுத் தொண்டைப் பையில் தேடியது. வெறுமனே வெளியே எடுத்தது. மறுபடி விட்டது. மறுபடி வெறுமனே எடுத்தது. தட்டு சாய்ந்துகொண்டே இருந்தது.

“முன்னால வயித்துல உள்ளதைக் கக்கிக் குடுக்கும். இப்பம் எதுக்குக் கக்கணும்? வாயைத் திறந்தாலே அதுக்கு மீனு வருதே. திறந்து காட்டிட்டு மூடிருது.” அவள் இன்னொரு கூட்டைக் காட்டினாள். “பசி தாங்காம குஞ்சு தன் இறக்கையைத் தானே கடிச்சுக்கிட்டு விழுந்து புரளும். அது எப்பவும் உள்ள பழக்கந்தான், அப்பாம்மா பார்த்து ஊட்டணும்னு செய்யிறது. நேத்து அதுக்கு எம்பது மார்க் போட்டிருக்கு உங்க கதைக்கண்ணு. கோடிப் பேரு பார்த்து அழுதிருக்கான். குஞ்சுக்கு ஒரு மீனு கிடைக்கலை. எல்லாத் தட்டும் நெறஞ்சு, எல்லாக் குஞ்சும் காய்ஞ்சு கிடக்கு அண்ணாச்சி.”

செல்வின் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். இந்தக் குளத்தில் இந்த வருஷம் பொரித்த குஞ்சுகள் பூராவும் அவன் போட்ட மார்க்கில் தொங்கிக்கொண்டிருந்தன. அதை யாரும் அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மெஹருன்னிசா சும்மா இருக்கிற ஆள் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய்த் தன் துப்பட்டாவை அவிழ்த்து ஒரு கதைக்கண்ணின் மேல் சுற்றிக் கட்டினாள். பக்கத்து மரத்துக் கதைக்கண் அதைப் படம் எடுத்தது. ‘கேமராவோடு மல்லுக்கட்டும் பெண்’ என்று அதற்கு எழுபதுக்கு மேல் மார்க் விழுந்தது. அவள் காலடியிலேயே ஒரு தட்டு சாய்ந்து மீன் கொட்டியது. மறுநாள் ஒரு காவலாளி வந்து துப்பட்டாவை மரியாதையாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்து, கம்பெனிச் சொத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

செல்வின் நிரஞ்சனைக் கூப்பிட்டான்.

“தம்பி, தட்டை நிறுத்தணும். சும்மா மீனைக் கொட்டுங்க, கதையெல்லாம் வேண்டாம்.”

“என் கையில இல்ல சார். கம்பெனி கமிட்டிதான் முடிவு பண்ணணும்.”

“டாக்டரம்மா நாலு தடவை அறிக்கை அனுப்பியிருக்காங்களே.”

போனில் நிரஞ்சன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவன் கெட்டவன் இல்லை. “சார், கமிட்டியில யாரும் எதையும் படிக்கறதில்ல. கதைக்கண் எடுத்து மேல அனுப்புற படத்தை மட்டும்தான் பாப்பாங்க. அதுவும் தொண்ணூறுக்கு மேல வாங்கினாத்தான் அவங்க ஸ்கிரீனுக்கே போகும்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஒரே படத்துல சொல்லுங்க சார். என்ன நடக்குதுன்னு பாத்த உடனே புரியணும். அதுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?”

இந்தக் கடைசி வார்த்தையில் செல்வின் விழுந்துவிட்டான். யார் விழ மாட்டார்கள்?

கதை ஆசிரியர் என்பதால் அவன் கைக்கேமராவும் கதைக்கண்ணோடு இணைக்கப்பட்டிருந்தது. அவன் எடுத்தாலும் அதே மார்க், அதே வழி. விடிந்ததும் தண்ணீரில் இறங்கினான். நான்காம் மரத்துக் குஞ்சு அன்று காலையில் செத்திருந்தது. கூட்டின் விளிம்பில் கழுத்து தொங்கக் கிடந்தது. பெரிய பறவை கூட்டிலேயே நின்றது.

செல்வின் அவசரப்படவில்லை. எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். படத்தில் குஞ்சு மட்டும் விழுந்தால் அது சாவு, அவ்வளவுதான். பறவை மட்டும் விழுந்தால் அது நடிப்பு என்று யாருக்கும் தெரியாது. தட்டும் தெரிய வேண்டும், லென்ஸும் தெரிய வேண்டும். மரத்துக்குப் பின்பக்கம் போய், கழுத்தளவு தண்ணீருக்குள் உட்கார்ந்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்தான். அங்கிருந்து எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தன. முன்னால் செத்த குஞ்சின் தொங்குகிற கழுத்து. அதற்கு மேலே பறவையின் முதுகு. அதற்கு அப்பால், நடுவில் விட்ட வெற்று வானத்தில் கதைக்கண். கதைக்கண்ணுக்குக் கீழே மீன் பிதுங்குகிற தட்டு. பறவை இறக்கையை விரிக்க வேண்டியதுதான் பாக்கி.

காத்திருந்தான். பறவை விரித்தது. செத்த குஞ்சுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு, வெறும் வாயைத் திறந்து லென்ஸுக்குக் காட்டியது.

அமுக்கினான்.

தன் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே நல்ல படம் இதுதான் என்று விரலை எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. முதலில் வந்தது சந்தோஷம்தான். உடம்பெல்லாம் புல்லரித்தது. வெட்கம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. ‘நிறுத்துங்கள்’ என்று ஒரே வார்த்தையைப் படத்துக்குப் பெயராகப் போட்டு அனுப்பினான்.

தொண்ணூற்றெட்டு. அந்தக் குளத்தில் அதுவரை எந்தப் படமும் வாங்காத மார்க்.

எங்கோ இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. நான்காம் மரத்துத் தட்டு முழுசாகக் கவிழ்ந்தது. பெட்டியில் இருந்த அத்தனை மீனும் வெள்ளிக் காசாகத் துள்ளிக்கொண்டு தண்ணீரில் கொட்டியது. குஞ்சைப் பறிகொடுத்த கூழைக்கடா இறங்கி வாரி வாரி விழுங்கியது. மற்ற மரங்களில் இருந்தவை இறங்கி வரவில்லை. கூட்டில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தன. கவிழ்ந்த தட்டைப் பார்த்தன, கூட்டில் தொங்குகிற குஞ்சைப் பார்த்தன.

செல்வின் கரையேறியபோது மெஹருன்னிசா முகம் வெளுத்து நின்றாள். அவள் எதுவும் சொல்வதற்கு முன்னால் போன் அடித்தது.

“சார்! கமிட்டி மொத்தமும் அழுதுட்டாங்க சார்!” நிரஞ்சனின் குரலே உடைந்திருந்தது. “செத்த பிள்ளையைக்கூட வெயில்ல விட மாட்டேங்குதேன்னு சேர்மன் எழுந்து வெளிய போயிட்டார். பட்டினியை நிறுத்துங்கள்னு நீங்க போட்ட டைட்டில்...”

“பட்டினின்னு நான் போடலியே.”

“அவங்க அப்படி எடுத்துக்கிட்டாங்க சார். மீன் ரெட்டிப்பு. இன்னும் ஆறு குளத்துக்குத் திட்டத்தை நீட்டியாச்சு. எல்லாத்துக்கும் நீங்கதான் கதை ஆசிரியர்.”

“தம்பி, பின்னால தட்டு தெரியுதே, பாக்கலியா யாரும்?”

“தட்டா?” என்றான் நிரஞ்சன். “ஆமா, அதைக் கட் பண்ணிட்டோம் சார். கண்ணை உறுத்துச்சு.”

செல்வின் போனைச் சட்டைப்பையில் போட்டான். தன்னிடம் எத்தனையோ பெற்றவர்கள் ஆல்பத்தை நீட்டி, ஓரத்தில் நிற்கிற வேண்டாத மச்சானை வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் வெட்டிக் கொடுத்தவன் அவன். இப்போது யார் மேல் கோபப்படுவது என்று அவனுக்குப் புரியவில்லை.

“அண்ணாச்சி,” என்றாள் மெஹருன்னிசா. “குஞ்சு செத்தா பெட்டி முழுசாக் கவிழும்னு இன்னைக்கு நாம அதுங்களுக்குக் காட்டியிருக்கோம்.”

“சீ. என்ன பேசுதிய. பெத்த பிள்ளையை எதாவது...”

“அதுக்குப் பிள்ளை தெரியும், மீனு தெரியும். கதை தெரியாது. கதை நமக்குத்தான்.”

அவன் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை, கரையிலேயே உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் லாரி வந்து பெட்டிகளை மறுபடி நிரப்பிவிட்டுப் போனது. மறுநாள் காலையில் ஏழாம் மரத்தில், நன்றாக இறகு முளைக்க ஆரம்பித்திருந்த ஒரு குஞ்சைப் பெரிய பறவை அலகால் தள்ளியது. விளிம்பு வரைக்கும் தள்ளிவிட்டு நிறுத்தியது. தலையை முக்கால் பக்கம் திருப்பி லென்ஸைப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தள்ளியது.

செல்வின் செருப்போடு தண்ணீரில் பாய்ந்தான். காவலாளி கத்தியது காதில் விழவில்லை. குஞ்சு கிளையில் அடிபட்டுத் தண்ணீரில் விழுந்தது, அவன் போய் அள்ளுவதற்குள் இரண்டு முறை மூழ்கி எழுந்துவிட்டது. இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். எலும்பும் தோலுமாக, பிடித்தால் நசுங்கிவிடும் போல இருந்தது. கழுத்து ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. அவனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, வாய்விட்டு அழுதான். அப்பா செத்த வீட்டில்கூட அவன் இப்படி அழுததில்லை. அன்றைக்கு அவன் கையில் கேமரா இருந்தது.

பக்கத்தில் இரும்பு உரசியது. தட்டு சாய்ந்து மீன் அவன் இடுப்பைச் சுற்றிக் கொட்டியது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது ஏழு கதைக்கண்கள் அவன் பக்கம் திரும்பியிருந்தன. சட்டைப்பையில் போன் துடித்தது. ஐந்தாம் மரத்துப் பறவை மீனைப் பார்த்தது. பிறகு தன் குஞ்சைப் பார்த்து, அலகை அதன் விலாவில் வைத்தது. ஆறாம் மரத்திலும் ஒன்று எழுந்து நின்றது.

“அழாதீங்க!” கரையிலிருந்து மெஹருன்னிசா அலறினாள். “அண்ணாச்சி, அழாதீங்க! உங்க அழுகைக்குத்தான் கொட்டுது! தட்டு சாயாம இருந்தா விட்டுரும், ரெண்டு மூணு தடவை தள்ளிப் பார்த்துட்டு விட்டுரும்! அழாதீங்க!”

செல்வினுக்குப் புரிந்தது. அவனை விட நன்றாக வேறு யாருக்குப் புரியும்? எத்தனை கல்யாணத்தில் எத்தனை அருமையான படம் கெட்டுப்போயிருக்கிறது. தாய் கதறுவாள், மகள் கட்டிப்பிடிப்பாள், இரண்டு பேருக்கும் நடுவில் தூரத்துச் சித்தப்பா ஒருவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி, முகத்தில் எதுவும் இல்லாமல் நிற்பார். அத்தோடு படம் செத்தது. அப்படி ஒரு முகம் இருந்தால் மற்றது எப்படி இருந்தாலும் முட்டை போடு என்று கதைக்கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூச்சை இழுத்துவிட்டான். உதடு நடுங்கியது, அதைப் பல்லுக்குள் மடித்து நிறுத்தினான். புருவத்தை இறக்கினான். கதைக்கண்களுக்கு நேராக நிமிர்ந்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றான். ஊர் ஊராகப் போய் முகங்களில் இல்லாததையெல்லாம் வரவழைத்தவன், தன் முகத்தில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டான். அவன் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

குஞ்சு அவன் கையில் அசைந்தது. அலகு திறந்து அவன் சட்டைப் பொத்தானில் உரசித் தேடியது. குனிந்தால் முகம் மாறிவிடும். அவன் குனியவில்லை.

ஐந்தாம் மரத்துப் பறவை ஒரு தள்ளு தள்ளியது. லென்ஸைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது. தட்டு அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக. குஞ்சு விளிம்பில் கால் சறுக்கி, நகத்தால் குச்சியைப் பற்றிக்கொண்டது. செல்வினின் கண்ணோரத்தில் அது தெரிந்தது. எங்கோ பார்க்கிறவனாக நின்றான்.

தட்டு அசையவில்லை.

“போறாங்க,” என்றாள் மெஹருன்னிசா, கையில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டு. கத்தாமல், ஆனால் அவனுக்குக் கேட்கிற மாதிரி. “பாக்கிறவங்க போறாங்க அண்ணாச்சி. போரடிக்குதுன்னு எழுதுறாங்க. அப்படியே நில்லுங்க.”

போன் ஓய்ந்தது. வெயில் ஏறியது. ஐந்தாம் மரத்துப் பறவை அலகை எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாததுபோல் நின்றுவிட்டு, கூட்டில் உட்கார்ந்தது. ஆறாம் மரத்திலிருந்தது இறகைக் கோதிக்கொண்டது. ஒரு கதை இல்லை, ஒன்றும் இல்லை. குளத்தில் பறவைகள் சும்மா இருந்தன.

கையில் இருந்த குஞ்சு எப்போது அடங்கியது என்று செல்வினுக்குத் தெரியாது. அவன் சாயங்காலம் வரைக்கும் குனிந்து பார்க்கவே இல்லை.